ஐவிக்கு ஒரு கடற்கரை

ஷெஃபீல்டு,
ஏப்ரல் 28, 1962

திருமதி ஆஷ்டவுன் அவர்களுக்கு,

எட்னா ஸ்டானிஃபோர்த் எழுதுவது. கையெழுத்தைப் பார்த்ததுமே அடுப்பில் போட்டுவிடாதீர்கள். நானாக எழுதவில்லை. ஐவி என் அடுக்களை மேசைக்கு எதிரே, போட்டிருக்கும் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறாள். உறையை ஒட்டித் தபால்தலையும் வைத்த பிறகுதான் எழுந்திருப்பாளாம்.

விஷயம் இதுதான். ஐவி நியூசிலாந்துக்குப் போகிறாள். சுற்றிப் பார்க்க இல்லை, ஒரேயடியாக. மகள் ஷீலா கல்யாணமாகி அங்கேதானே போனாள், இப்போது இரண்டாவது குழந்தை. "நீ அங்க தனியா யாருக்காகம்மா அடுப்புப் பத்த வைக்கிற?" என்று எழுதியிருக்கிறாள். ஆகஸ்டில் சவுத்தாம்ப்டனிலிருந்து கப்பல். ஆறு வாரம் தண்ணீர் மேலேயே போக வேண்டும். நினைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போகிற தூரமில்லை.

இனி அவள் சொல்வதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்துக் குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"சண்டைக்காலத்துல மூணு பேரும் ஒரே டிராம்ல டிக்கெட் கிழிச்சோம். அதுக்கப்புறம் வருஷா வருஷம் ஒரு நாள் கடற்கரைக்குப் போனோம். ஏழு வருஷமா அது நின்னு போச்சு. அதப் பத்திப் பேச்செடுத்தா இவளும் வாயத் திறக்கல, அவளும் வாயத் திறக்கல. நான் நடுவுல தபால்காரி மாதிரி கிறிஸ்துமஸ் வாழ்த்த சுமந்தேன். இப்ப எனக்கு ஒரு நாள் வேணும். மூணு பேரும், ஒரு கடற்கரை. ஊரை நீங்க ரெண்டு பேருமே பேசி முடிவு பண்ணுங்க. ஒரே ஊரா சொல்லணும். முடியலைன்னா யார்கிட்டயும் சொல்லிக்காம கப்பலேறிடுவேன்."

சொன்னால் செய்கிறவள் என்பது உங்களுக்கும் தெரியும். எனக்கு உங்களோடு பேச ஒன்றுமில்லை. ஆனால் ஐவி அப்படிப் போய்விட்டால் என்னால் தாங்க முடியாது. ஊர் ஒன்று சொல்லுங்கள்.

எட்னா ஸ்டானிஃபோர்த்

*

டார்க்கிங், சர்ரே,
மே 4, 1962

அன்புள்ள திருமதி ஸ்டானிஃபோர்த்,

உங்கள் கடிதம் கிடைத்தது. ஐவியைப் பற்றிய செய்தியைப் படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் லெஸ்லி, யார் செத்தது என்று கேட்டார்.

நிச்சயமாக வருகிறேன். ஊர் என்று பார்த்தால் வொர்திங் பொருத்தமாக இருக்கும். சத்தமில்லாத இடம், உட்கார நிறைய பெஞ்சுகள், நாகரிகமான தேநீர் விடுதிகள். ஐவிக்கு முழங்கால் வலி என்று போன கிறிஸ்துமஸ் வாழ்த்தில் எழுதியிருந்தாள்.

ஒரே ஒரு வேண்டுகோள். இடம், நாள், நேரம் மூன்றையும் முன்கூட்டியே தெளிவாக வைத்துக்கொள்வோம். ஒருத்தி வந்து நிற்க, கூப்பிட்டவர்கள் இல்லாமல் போகிற அனுபவம் எனக்கு ஒரு தடவை போதும். பிரிட்லிங்டனை நான் இன்னும் மறக்கவில்லை.

மூரியல் ஆஷ்டவுன்

*

ஷெஃபீல்டு,
மே 9

அடி மூரியல்,

திருமதியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து வயிறெரிகிறது. நீ மறக்கவில்லையா? நீ? மறக்காமல் இருக்க உனக்கு என்னடி இருக்கிறது?

வால்டரைப் புதைத்து இரண்டு மாதம். வீட்டை விட்டு வெளியே வரமாட்டேன் என்று கிடந்த என்னை ஐவிதான் இழுத்துக்கொண்டு பிரிட்லிங்டனுக்கு வந்தாள். ராத்திரி தங்குவதற்கு அறைகூடப் பேசி வைத்திருந்தோம். "மூரியலும் வர்றா, அவ வந்தா நீ சிரிச்சிருவ" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். துறைமுகத்து மணிக்கூண்டின் அடியில் நின்றோம். மழை பிடித்துக்கொண்டது. நின்றோம். முட்டை ரொட்டி மூன்று பேருக்கும் கட்டி எடுத்துவந்திருந்தேன். உன் பங்கை நான் பிரிக்கவே இல்லை, எப்படியும் வந்துவிடுவாய் என்று. கடைசியில் அதைக் கடற்காகங்களுக்குப் போட்டுவிட்டு, ஐவியிடம், "எனக்கு வீட்டுக்குப் போகணும்" என்றேன். அறையை வேண்டாமென்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலில் ஏறினோம். ரயிலில் நான் அழுததைப் பார்த்து எதிரே இருந்த ஆள் வேறு பெட்டிக்குப் போய்விட்டான்.

புருஷன் செத்தவளைப் பார்க்க வரக்கூட உனக்கு மனசில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். ஒரு வரி எழுதினாயா? இல்லை. இப்போது நீ நின்றாயாம், நாங்கள் இல்லையாம். நல்லாயிருக்கிறது கதை.

வொர்திங் என்று ஐவியிடம் சொன்னேன். "அங்க சாகப் போறவங்க வரிசையா உக்காந்திருப்பாங்க. நான் கப்பலேறப் போறேன், காடேறப் போகல" என்றாள். கிளீதார்ப்ஸ் போகலாம். போர் முடிந்த வருஷம் முதன்முதலாகப் போனோமே, முள்கம்பியைக்கூட இன்னும் எடுக்காத கடற்கரை. ஐவி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கம்பிக்குள் புகுந்து போனாளே. அங்கேதான் போக வேண்டும்.

எட்னா

*

டார்க்கிங்,
மே 13

எட்னா,

உன் கோபம் உன்னை விட்டுப் போகவில்லை. எனக்கும் கோபப்படத் தெரியும். கேள்.

நீ அனுப்பிய தபால் அட்டையை இந்த ஏழு வருஷத்தில் எத்தனை தடவை மனசுக்குள் படித்திருப்பேன். "சனிக்கிழமை, பிரிட்லிங்டன், துறைமுகத்து மணிக்கூண்டு. டின்னருக்கு வந்துவிடு. ராத்திரி தங்கலாம்." அவ்வளவுதான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வால்டர் போன துக்கத்தில் இருக்கிறவள் நம்மை நல்ல டின்னருக்குக் கூப்பிடுகிறாளே, நாம் பழைய உடுப்போடு போய் நிற்கக் கூடாது என்று நீலப் பட்டில் ஒரு கவுன் தைத்துக்கொண்டேன். கையுறை, தொப்பி எல்லாம் போட்டுக்கொண்டு அந்த மணிக்கூண்டின் அடியில் வந்து நின்றேன். பட்டுக் கவுனில் ஒருத்தி, சுற்றிலும் மீன் கூடைகள். ஒரு படகுக்காரன், "என்னம்மா, உன் ஆளு ஏமாத்திட்டானா?" என்று கேட்டான். விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள். அப்போதும் நின்றேன்.

பிறகு பக்கத்தில் இருந்த தங்கும் விடுதிகளில் ஒவ்வொன்றாகப் போய்க் கேட்டேன். "அந்த ரெண்டு பேரா? அறை வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டாங்களே" என்றாள் ஒரு விடுதிக்காரி. நான் வருகிறேன் என்று தெரிந்தே போய்விட்டீர்கள். அந்த அறையில் தனியாகப் படுத்துக்கொண்டேன். ஊருக்குத் திரும்பியதும் லெஸ்லி, "உன் பழைய சிநேகிதிகளுக்கு இப்ப நீ வேண்டாதவ, விட்டுடு" என்றார். நானும் நம்பினேன். தெற்கே வாழப் போனவள், பேச்சு மாறிப்போனவள், இவளுக்கு ஒரு பாடம் கற்பிப்போம் என்று நினைத்துவிட்டீர்கள் என்று.

கிளீதார்ப்ஸ் வேண்டாம். அங்கே போனால் நான் அழுதுவிடுவேன்.

மூரியல்

*

ஷெஃபீல்டு,
மே 15

மூரியல்,

விளக்குப் போட்ட நேரமா?

உன் கடிதத்தை ஐவிக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். "விளக்கெல்லாம் போட்டுவிட்டார்கள்" என்ற இடத்தில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம். "திரும்பப் படி" என்றாள். படித்தேன். "அய்யோ அய்யோ! அவ சீமாட்டி டின்னருக்கு வந்திருக்காடி!" என்று கத்தினாள். பாத்திரம் கழுவுகிற தொட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை.

அடி பாவி, டின்னர் என்றால் மத்தியானச் சாப்பாடுதானே! நம்ம ஊரில் பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். மத்தியானம் சாப்பிடுவது டின்னர், சாயங்காலம் வேலை விட்டு வந்து சாப்பிடுவது டீ. டிராம் டிப்போவில் உன் டின்னர் டப்பாவைத் திறந்து நான் எத்தனை நாள் திருடித் தின்றிருப்பேன், ராத்திரியிலா தின்றேன்?

நாங்கள் ஏறிய ரயிலும் நீ வந்த ரயிலும் வழியில் எங்கேயோ ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கும். நான் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தேன்.

எட்னா

*

டார்க்கிங்,
மே 19

எட்னா, என் எட்னா,

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உனக்கு இதைச் சொன்னதில்லை. கல்யாணமாகி இங்கே வந்த முதல் வாரம், மத்தியானம், மேசையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "டின்னர் ரெடி, வாங்க" என்று கூப்பிட்டேன். மாமியார் தன் மகளைப் பார்த்துச் சிரித்தாள். "பாவம், அந்தப் பக்கம் அப்படித்தான் சொல்லுவாங்க போல. நம்ம வீட்டு வேலைக்காரி சொல்லுவாளே, அந்த மாதிரி." அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பழகினேன். மத்தியானம் என்றால் லஞ்ச், ராத்திரி என்றால் டின்னர். வாய் மாறும்வரை விடவில்லை. ஒரு வார்த்தையைக்கூட அந்த அம்மாள் பிடித்துச் சிரிக்க விடக்கூடாது என்று வைராக்கியம்.

உன் அட்டை வந்தபோது உன் குரல்தானே என் காதில் விழுந்திருக்க வேண்டும்? அதை நான் என் மாமியார் குரலில் படித்திருக்கிறேன். அதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. வால்டருக்காக நீ அழுத நாளில் உன் பக்கத்தில் இருந்திருக்க வேண்டியவள் நான். ஒரு வேளைச் சோற்றுக்கு ஏழு வருஷத்தைக் கொடுத்துவிட்டோம்.

சரி, போனது போகட்டும். ஐவிக்கு ஊர் பார்ப்போம். ஸ்கார்பரோ என்ன சொல்கிறாய்? காற்று ஐவியின் தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய், இசைக்குழுவில் ஊதிக்கொண்டிருந்தவரின் பெரிய குழலுக்குள் போட்டதே! அவர் அதற்கு மேலும் ஊதினாரே! ஐவி போய் அவர் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நின்றாளே, பாட்டு முடியும்வரை.

உன் மூரியல்

*

ஷெஃபீல்டு,
ஜூன் 3

மூரியல்,

தொப்பி கதையைப் படித்துக் காட்டினேன். "அது என் அம்மா தொப்பி, அவன் எச்சில் பட்டு வீணாப் போச்சு" என்று பதினைந்து வருஷம் கழித்தும் திட்டுகிறாள். ஆனால் ஸ்கார்பரோ வேண்டாமாம், ஊரே மேடாம்.

விட்பி என்றேன். "படி ஏறணும்." பிளாக்பூல் என்றேன். "கூட்டத்துல மூச்சு முட்டும்." ஸ்கெக்னஸ். "காத்துல பல்லு ஆடும்." மேபிள்தார்ப். "அங்க மணலத் தவிர ஒண்ணுமில்ல." கடற்கரைக்குப் போகிறவள் மணல் இருக்கிறது என்று குறை சொல்கிறாள், கேட்டாயா? ஊரை நாம் முடிவு செய்தால் போதும் என்று சொன்னவள் அவள்தானே! "ஒரே ஊராச் சொல்லுங்கன்னேன், எனக்குப் பிடிக்காத ஊராச் சொல்லுங்கன்னு சொல்லலையே" என்கிறாள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

மருமகள் சமையலை ருசி பார்க்கிற மாமியார்கூட இத்தனை குறை சொல்லமாட்டாள். நீ ஒரு ஊர் சொல்லிப் பாரேன். உன் பேச்சை எப்போதும் கேட்பாள். என் பேச்சைத்தான் மதிக்கமாட்டாள்.

முந்தாநாள் அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்து என் சுவரில் மாட்டிவிட்டுப் போனாள். "அங்க இது நேரம் தப்பாக் காட்டும்" என்றாள். அவள் போன பிறகு அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். அடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

எட்னா

*

டார்க்கிங்,
ஜூன் 14

எட்னா,

ஐவிக்கே நேராக எழுதிப் பார்த்தேன். ஃபைலி என்றேன், மேடில்லை, படியில்லை, கூட்டமில்லை, குளிர்ந்தால் ஒதுங்க இடமுண்டு. பதில் வந்தது: "ஃபைலி ரொம்ப அழகா இருக்கும். வேணாம்." அவ்வளவுதான் பதில். அழகாக இருப்பது ஒரு குறையா?

லாண்டட்னோ என்றேன். வேல்ஸ்காரர்கள் பேசுவது புரியாதாம். நியூசிலாந்துக்காரர்கள் பேசுவது மட்டும் புரியுமா என்று எழுதினேன். "அதுக்குப் பழக எனக்கு மீதி ஆயுசு இருக்கு" என்று எழுதியிருக்கிறாள். அதைப் படித்ததிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை.

எட்னா, இது முழங்கால் விஷயமில்லை. அவளுக்கு உண்மையிலேயே போக ஆசையா? நாம் கேட்கவே இல்லையே. நம் சண்டையைத் தீர்த்துக்கொண்டதில் நமக்கே சந்தோஷமாகிவிட்டது, கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம், மூட்டை கட்டுகிறவள் அவள். நேரில் போய்க் கேள். சாடை பேசாதே, உடைத்துக் கேள். ஆகஸ்டு வந்துகொண்டேயிருக்கிறது.

மூரியல்

*

ஷெஃபீல்டு,
ஜூன் 25

மூரியல்,

போனேன். வீடு பாதி காலி. படங்கள் இருந்த இடத்தில் சுவரில் பளிச்சென்று சதுரம் சதுரமாக. ஐவி தன் டிரங்குப் பெட்டி மேலேயே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். நாற்காலியெல்லாம் விற்றாகிவிட்டது. நானும் பெட்டியின் மறு ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, நீ சொன்னபடியே கேட்டேன்.

"போகப் பிடிக்கலைன்னா போகாதடி. என் வீட்டுல ஒரு அறை சும்மாத்தான் கிடக்கு."

"பேத்தியப் பாக்க வேணாமா? போகத்தான் போறேன். அதுல மாத்தமில்ல."

"அப்ப ஏன்டி ஊருக்கு ஊர் நொட்டை சொல்ற?"

டீக் கோப்பையைத் தரையில் வைத்தாள். பிறகு சொன்னாள். "எல்லா ஊர்லயும் ஒரே குறைதான்டி எட்னா. கடல் இருக்கு."

எனக்குப் புரியவில்லை.

"இத்தனை வருஷம் எனக்குக் கடல்னா கால நனைச்சுட்டு வர்ற இடம். இப்ப அது அப்படியில்ல. ஷீலா போனதுலேருந்தே இல்ல. ஆறு வாரம் அதுமேல போகணும், போனா அது நடுவுல நின்னுக்கும், திரும்ப விடாது. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்திருக்கப்போ, என்னைக் கூட்டிட்டுப் போக வந்த ஆளு மாதிரி அது எதிர்ல நின்னுக்கிட்டே இருந்தா, நான் எப்படிடி டீ குடிப்பேன்? ஒரு நாள் உங்க மூஞ்சிய மட்டும் பாத்துக்கிட்டு இருக்கணும்னு இருக்கு."

"அப்ப எதுக்குக் கடற்கரை வேணும்னு கேட்ட? பூங்காவுக்குப் போயிருக்கலாமே."

"பூங்காவா?" என்று என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "நாம எப்பவும் கடற்கரைக்குத்தானே போவோம்!"

வீட்டுக்கு வந்து அழுதேன். கடற்கரை வேண்டும், கடல் கூடாது. அப்படி ஒரு ஊருக்கு நான் எங்கே போக? நீதான் எப்போதும் கெட்டிக்காரி. ஏதாவது செய்.

எட்னா

*

டார்க்கிங்,
ஜூன் 29

எட்னா,

ஊர் கிடைத்துவிட்டது!

உன் கடிதத்தை லெஸ்லிக்குப் படித்துக் காட்டினேன். அவர் செய்தித்தாளிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "கடல் இல்லாத கடற்கரைதானே? சவுத்போர்ட்டுக்குப் போங்க. பட்டாளத்துல இருந்தப்ப ஆறு மாசம் அங்க கிடந்தேன், ஒரு நாளும் கால் நனையல" என்றார்.

எட்னா, நமக்கு ஏன் தோன்றவில்லை? லங்காஷயர்க்காரர்கள் இதைச் சொல்லித்தானே கேலி பேசுவார்கள், சவுத்போர்ட்டுக்குப் போனால் கடலுக்குக் கடுதாசி போட்டுத்தான் வரவழைக்க வேண்டும் என்று. கடற்கரைக்கு உண்டான எல்லாமும் இருக்கிறது. சாய்வு நாற்காலி, கழுதைச் சவாரி, ஊர்ப் பெயர் போட்ட மிட்டாய்க் குச்சி, சின்ன இறாலை வெண்ணெயில் போட்டு ரொட்டியோடு கொடுப்பார்களே, அது. தரை மேசை மாதிரி மட்டம், ஐவியின் முழங்காலுக்கும் ஆபத்தில்லை. கடல் மட்டும் எங்கேயோ தூரத்தில் கிடக்கும்.

லெஸ்லிக்கு உற்சாகம் வந்துவிட்டது. நூலகத்திலிருந்து கடல் ஏற்றவற்ற அட்டவணையை எடுத்துவந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துச் சொன்னார். ஜூலை கடைசிச் சனிக்கிழமை, நாம் போய்ச் சேரும்போதே தண்ணீர் இறங்க ஆரம்பித்திருக்கும், நாம் டீ குடிக்கிற நேரத்துக்கு அடியோடு உள்வாங்கிக் கிடக்குமாம். இத்தனை வருஷத்தில் அவர் எனக்காகச் செய்த காரியங்களில் இதுதான் பெரியது. சொன்னேன். வெட்கப்பட்டார்.

வெள்ளிக்கிழமையே உன் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். அந்தச் சும்மா கிடக்கிற அறையைத் தட்டிப் போட்டு வை. மூன்று பேரும் சேர்ந்தே கிளம்புவோம், யாரும் எந்த மணிக்கூண்டின் அடியிலும் நிற்க வேண்டாம்.

ஐவியிடம் ஊரை மட்டும் சொல். காரணத்தைச் சொல்லாதே.

மூரியல்

*

ஷெஃபீல்டு,
ஜூலை 31

மூரியல்,

நீ போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. உன் குடையை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய், நான் அனுப்பப் போவதில்லை, வந்து எடுத்துக்கொள்.

அன்றைக்கு நீ பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நீதான் இறால் ரொட்டியைத் தின்றுவிட்டுச் சாய்வு நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கிவிட்டாயே. ஐவி உன்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சீமாட்டி தூங்கற அழகப் பாரு" என்றாள். உன் தொப்பியை எடுத்து வெயில் படாமல் உன் முகத்தின்மேல் சாய்த்து வைத்தாள். பிறகு, "சவுத்போர்ட்ட எதுக்குப் பிடிச்சீங்கன்னு எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? இறங்கினதுமே தெரிஞ்சுபோச்சு. ரெண்டும் திருட்டுக் கழுதைங்க" என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே எழுந்தாள். "வா, அது எங்கதான் கிடக்குன்னு பாத்துட்டு வரலாம்." நீண்டு கிடக்கிறதே அந்தக் கடற்பாலம், அதன்மேல் ஓடுகிற சின்ன ரயிலில் கடைசிவரைக்கும் போனோம். அங்கேயிருந்து பார்த்தால்கூடச் சேறுதான். அதற்கு அப்பால் ஒரு கோடு, பளபளவென்று. ஐவி கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். "ஏய், ஆகஸ்டுக்கு வந்தாப் போதும், அதுவரைக்கும் அங்கயே கிட" என்று சத்தமாக அதட்டினாள். மீன் பிடித்துக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தான்.

திரும்பி வரும்போது எனக்குக் கட்டளை போட்டாள். வருகிற வருஷமும் நாம் இரண்டு பேரும் போக வேண்டுமாம். ஊரை முன்கூட்டியே அவளுக்கு எழுதிவிட வேண்டுமாம். "அங்க உக்காந்து குறை சொல்றேன்" என்றாள்.

அவளை வழியனுப்ப நான் சவுத்தாம்ப்டனுக்கு வரவில்லை. வந்தால் அவள் கோட்டைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன், ஊர் சிரிக்கும். இங்கே ரயிலேற்றுவதே எனக்குப் போதும். நீ பக்கத்தில் இருக்கிறாய், நீ போ. எனக்கும் சேர்த்துப் பார். ஒன்றையும் விடாமல் எழுது, வலித்தாலும் பரவாயில்லை.

எட்னா

*

டார்க்கிங்,
ஆகஸ்ட் 17

எட்னா,

நேற்று அவளை ஏற்றிவிட்டேன். ஒன்றையும் விடாமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன்.

நன்றாக இருந்தாள். நீ கொடுத்த மஞ்சள் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தாள். துறைமுகத்துத் தேநீர்க் கடையில் இரண்டு பேரும் டீ குடித்தோம். அவள் பாதி வைத்துவிட்டாள், நன்றாக இல்லை என்றாள், பணத்தைத் திருப்பிக் கேள் என்றாள். கப்பலைப் பார்த்து, "இவ்வளவு பெருசா? இதுல டிக்கெட் கிழிக்க எத்தனை கண்டக்டர் வேணும்?" என்று கேட்டாள். உன்னைப் பற்றி, "எட்னா ராத்திரி கதவப் பூட்ட மறப்பா, கேட்டு எழுது" என்றாள். கட்டிக்கொண்டபோது நான் அழுதேன், அவள் அழவில்லை. "மூக்கத் துடை, பட்டுக் கவுன் கெட்டுடும்" என்றாள். ஆமாம், நீலப் பட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். இடுப்பு கொஞ்சம் இறுக்கம்.

பிறகு ஏறிப் போய்விட்டாள். மேல்தட்டில் ஆயிரம் தலை. பட்டாளத்து வாத்தியம், கப்பல் சங்கு, குழந்தைகள் அழுகிற சத்தம், எதுவும் காதில் விழவில்லை. கண்டுபிடிக்கவே முடியாது என்று நினைத்தேன். கம்பி ஓரமாக அந்த மஞ்சள் கம்பளி தெரிந்தது. அவளும் என்னைப் பார்த்துவிட்டாள். எதையோ கத்துகிறாள், வாய் அசைகிறது, ஒன்றும் கேட்கவில்லை. நான் காதைத் தொட்டுக் கையை விரித்தேன். மறுபடி கத்தினாள். மறுபடி கையை விரித்தேன்.

கத்துவதை நிறுத்திவிட்டாள். நிமிர்ந்து நின்றாள். வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி, அங்கே இல்லாத கயிற்றைப் பிடித்து இரண்டு தரம் இழுத்தாள். எல்லாரும் ஏறியாச்சு, எடுக்கலாம் என்று நாம் டிராம் டிரைவருக்கு மணி அடிப்போமே, டிங் டிங்.

அதே நொடியில் கப்பல் நகர்ந்தது எட்னா. சத்தியமாக. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டுவிட்டது. தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டேதான் போனாள். முகம் தெரிகிற வரைக்கும் பார்த்தேன், சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

திங்கட்கிழமை ரயிலுக்கு உன்னிடம் வருகிறேன். லெஸ்லியிடம் சொல்லிவிட்டேன். எத்தனை நாள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

மூரியல்